வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு திருகோணமலையில் வீடு, காணி வாங்குவது: படிப்படியான முழு வழிகாட்டி

கனடாவிலிருந்து ஓர் ஆடி மாதம் வந்திருந்த என் ஒன்றுவிட்ட அண்ணா, உப்புவெளியில் 20 பேர்ச் காணி ஒன்றைப் பார்த்துவிட்டு, "தம்பி, காசு ரெடி, வெள்ளிக்கிழமை எழுதிடலாம்" என்றார். அவர் கையில் இருந்தது கனடா பாஸ்போர்ட். அந்த நாட்டுக் குடியுரிமையை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விட்டது என்பது அவருக்குத் தெரியாது. பிறந்தது உவர்மலையில், படித்தது திருகோணமலையில், பிறப்புச் சான்றிதழ் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, நான் எப்படி வெளிநாட்டவன் ஆவேன் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் காணிச் சட்டத்தின் முன் அவர் வெளிநாட்டவர்தான், அந்த வெள்ளிக்கிழமை ஒன்றும் எழுதவில்லை.

நான் லோயர் இல்லை. சொந்தக்காரர்களுக்காகக் காணிப் பதிவகம், பிரதேச செயலகம், சர்வேயர் வீடு என்று அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். இதில் வரிசை முக்கியம். முதலில் உங்கள் குடியுரிமை நிலை, அடுத்தது காணியின் வரலாறு, அதற்குப் பிறகுதான் காசு. நம் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், காசை முதலில் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு தேடுகிறார்கள்.

முதல் படி: சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

வெளிநாட்டில் நிரந்தர வதிவிடம் மட்டும் வைத்துக்கொண்டு இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருப்பவருக்கு ஒரு தடையும் இல்லை, இங்கே இருப்பவரைப் போலவே வாங்கலாம். பிரச்சினை வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவருக்குத்தான். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, முன்கூட்டியே அனுமதி பெறாமல் இன்னொரு நாட்டின் குடியுரிமையை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போகிறது. பழைய அடையாள அட்டை கையில் இருப்பதால் அது திரும்பி வராது.

அப்படிப்பட்டவர்களைக் கட்டுப்படுத்துவது 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கக் காணி உரிமை மாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெளிநாட்டவருக்கோ, 50 சதவீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்கு உள்ள கம்பெனிக்கோ இலங்கையில் காணியை அறுதியாக எழுத முடியாது என்பதுதான் அதன் சாரம். இந்தத் தடை 2013 ஜனவரி 1-இலிருந்து நடைமுறையில் இருப்பதாகவே சட்டம் கணக்கிடுகிறது. தடையை மீறி எழுதினால் அந்த உறுதி (காணிப் பத்திரம்) செல்லாது.

இரண்டாம் படி: உங்களுக்குப் பொருந்தும் வழியைத் தெரிவு செய்யுங்கள்

நான்கு வழிகள் உண்டு. திருகோணமலையைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே அளவு பயன்படாது.

சிறந்த வழி இரட்டைக் குடியுரிமை. அது கிடைத்தால் 2014 சட்டத்தின் தடை உங்களுக்கு இல்லை, காணி, வீடு எதையும் உங்கள் பெயரிலேயே வாங்கலாம். பழைய இலங்கையர், அதாவது ஏற்கெனவே குடியுரிமை போனவர், மீளப் பெறுவதற்கு 19-ஆம் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். இன்னும் வேறு நாட்டுக் குடியுரிமை எடுக்காதவர், எடுக்கப்போகிறவர் என்றால் முன்கூட்டியே விண்ணப்பித்து இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்கலாம். விண்ணப்பம் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போகிறது, வெளிநாட்டிலிருந்தால் தூதரகம் வழியாகக் கொடுக்கலாம். 55 வயது தாண்டியது, கல்வி அல்லது தொழில் தகைமை, இலங்கையில் சொத்து, வங்கி வைப்பு என்று தகுதிப் பிரிவுகள் பல உண்டு, ஏதாவது ஒன்றில் பெரும்பாலானோர் அடங்கிவிடுவார்கள். இது ஒரு விடுமுறைக்குள் முடிகிற வேலை இல்லை. ஆகவே அடுத்த வருடம் வாங்க நினைக்கிறவர் இந்த வருடமே விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது, குத்தகை. வெளிநாட்டவர் 99 வருடம் வரை காணியைக் குத்தகைக்கு எடுக்கலாம். முன்பு இதன்மேல் இருந்த 15 சதவீதக் குத்தகை வரி பிறகு நீக்கப்பட்டுவிட்டது. வீடு கட்டி இருந்துவிட்டுப் போக நினைக்கும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு இது போதும். ஆனால் குத்தகை முடிந்தால் கட்டடம் யாருக்கு, இடையில் விற்கலாமா, வாரிசுக்குப் போகுமா என்ற மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தொடர்மாடி வீடு. முழுத் தொகையும் உறுதி எழுதுவதற்கு முன்பே வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருந்தால் வெளிநாட்டவரும் வாங்கலாம். முதலில் 4-ஆம் மாடியிலோ அதற்கு மேலோதான் என்று இருந்தது, 2018 திருத்தம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கொழும்பில் இது பெரிய வழி. இங்கே தனியாகப் பதிவான தொடர்மாடி வீடு விற்பனைக்கு வருவதே அரிது, ஆகவே இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நான்காவது, வாரிசு வழி. பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினரின் காணி, அவர் இறந்தபின் வாரிசாகவோ மரணசாதனத்தாலோ (உயில்), இருக்கும்போதே நன்கொடையாகவோ உங்களுக்கு வருவதற்கு வெளிநாட்டுக் குடியுரிமை தடை இல்லை. அம்மா அப்பா இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் பெயரில் திருக்கடலூரிலோ மட்டிக்களியிலோ பழைய வீடு இருக்கிறது என்றால், புதிதாக வாங்குவதற்கு முன் அதன் உறுதியைச் சரி செய்து எழுதி வைப்பது எத்தனையோ மடங்கு மேல்.

ஐந்தாவது வழி ஒன்றும் ஊரில் உண்டு, அதைச் செய்யாதீர்கள் என்று சொல்வதற்காகவே எழுதுகிறேன். தங்கை புருஷன் பெயரில், பெரியம்மா மகன் பெயரில் வாங்கிப் போடுவது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் சுவிஸில் இருந்த அண்ணன் காசு அனுப்ப, இங்கே இருந்த தம்பி பெயரில் வீடு எழுதினார்கள். தம்பி நல்லவர், ஒரு சதமும் ஏமாற்றவில்லை. ஆனால் அவர் திடீரென்று இறந்தபோது வீடு சட்டப்படி அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போனது. அண்ணனுக்கு அனுப்பிய காசுக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை, தம்பி மனைவிக்கோ அது யாருடைய காசு என்பதே சரியாகத் தெரியாது. இரண்டு குடும்பமும் இன்று ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. இதில் கெட்டவர் என்று சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லாததுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருக்கிறது.

மூன்றாம் படி: காணியை மாரியில் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி ஆடி, ஆவணியில் வருகிறார்கள். அப்போது இங்கே கச்சான் காற்று, நிலம் வெடித்துக் காய்ந்து கிடக்கும், எந்தக் காணியும் மேட்டுக் காணி போலத்தான் தெரியும். திருகோணமலையின் பெருமழை கார்த்திகை, மார்கழியில்தான். அந்த நேரம் வந்து பார்க்க முடியாவிட்டால் இங்கே உள்ள ஒருவரை மழை விட்ட மறுநாள் காலையில் காணிக்குள் இறக்கி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், அந்தக் கோடு புரோக்கர் சொல்லாததைச் சொல்லிவிடும்.

கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். கடற்கரையோரக் காணிகளில் கோடையில் உவர் ஏறுவது வழமை, மாரியில் நன்றாக இருந்த கிணறு வைகாசிக்குப் பிறகு குளிக்கக்கூட உதவாமல் போகலாம். ஆகவே வெள்ளத்துக்கு மாரி, தண்ணீருக்குக் கோடை, இரண்டு காலத்திலும் ஒரு தரம் பார்ப்பதுதான் சரி. குழாய்த் தண்ணீர் இணைப்பு அந்த ஒழுங்கைக்கு வந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று, அளவு. யாழ்ப்பாணத்து உறவுகள் பரப்பில் கதைப்பார்கள், இங்கே பேர்ச்தான். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், 160 பேர்ச் ஓர் ஏக்கர், ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. தொலைபேசியில் விலை பேசும்போது எந்த அளவுக்கு எந்த விலை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

நான்காம் படி: உறுதியின் வரலாற்றைத் தோண்டுங்கள்

இந்தப் படியில் அவசரப்படவே கூடாது. விற்பவர் தரும் உறுதியின் போட்டோப் பிரதியை வைத்து ஒன்றும் முடிவெடுக்க வேண்டாம். உங்களுக்கென்று தனியாக ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள், விற்பவரின் நொத்தாரிசையே (உறுதி எழுதுபவர்) இரண்டு பக்கத்துக்கும் பயன்படுத்தி மிச்சம் பிடிக்கும் காசு பெரிய காசு இல்லை. உங்கள் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பார்த்து, குறைந்தது 30 வருடத்துக்கு யாரிடமிருந்து யாருக்குக் கை மாறியது, ஈடு வைத்திருக்கிறார்களா, வழக்குப் பதிவு இருக்கிறதா, யாராவது தடைப் பதிவு போட்டிருக்கிறார்களா என்று பார்த்து, சான்றளித்த எக்ஸ்ட்ராக்ட் எடுத்துத் தருவார்.

திருகோணமலைக்கு 30 வருடம் என்றால் போருக்குள் போகிறோம் என்று அர்த்தம். 1983, 1990, சம்பூர்ப் பக்கம் 2006 என்று மக்கள் இடம்பெயர்ந்த ஊர் இது. சிலர் உறுதியைக் கையோடு கொண்டுபோனார்கள், சிலருடையது வீட்டோடு எரிந்தது. மூல உறுதி இல்லை என்பதாலேயே காணி பிழையானது என்று நினைத்துவிடாதீர்கள், பதிவகத்தில் சான்றளித்த பிரதி எடுக்கலாம். அதேவேளை, வெளியேறியவரின் காணியில் வேறொருவர் இருந்து, பிறகு அவரே விற்பதும் நடந்திருக்கிறது. சாதாரணமாக 10 வருடம் எதிர்ப்பின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம். ஆனால் 1983 மே 1-இலிருந்து 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுத நடவடிக்கையால் தன் உரிமையைத் தேட முடியாமல் போனவர்களுக்காக 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வந்தது. ஆகவே விற்பவரின் உரிமை ஆட்சியை மட்டும் நம்பி நின்றால், அதற்கு முன் அங்கே இருந்த குடும்பம் எது, இப்போது எங்கே என்று ஊருக்குள் கேட்டே ஆக வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கும் அயலில் உள்ள வயதானவர்களுக்கும் தெரியாத கதை இல்லை.

அடுத்த சிக்கல் பிரிக்கப்படாத பங்கு. தாய் தகப்பன் எழுதி வைக்காமல் இறந்திருப்பார்கள், ஐந்து பிள்ளைகள், ஒருவர் பாரிஸ், இருவர் லண்டன், ஒருவர் காணாமல் போனவர், ஒருவர் இங்கே. இங்கே இருப்பவர் "எல்லாருக்கும் சம்மதம்" என்பார். சம்மதம் கையெழுத்தில் வரவேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்ட அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) மூலமாக வர வேண்டும், அது இங்கே பதிவாகியிருக்க வேண்டும். அதை எழுதியவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று நீங்களே தொலைபேசி எடுத்துக் கேளுங்கள், எழுதியவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும்.

விற்பவர் யாழ்ப்பாணப் பூர்வீகம் கொண்ட திருமணமான பெண் என்றால் ஒரு விசேஷம். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை அவர்களைத் திருகோணமலையிலும் தொடரும். 1911-இன் யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டப்படி கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவர் தன் காணியை விற்க முடியாது. இன்றைய காலத்தில் இது அநியாயம் என்றே நினைக்கிறேன், ஆனாலும் சட்டம் இருக்கும்வரை கணவனின் கையெழுத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: அது உண்மையில் தனியார் காணிதானா?

இந்த மாவட்டத்தில் அரச காணி நிறைய. 1935-இன் காணி அபிவிருத்திச் சட்டத்தில் கொடுத்த அனுமதிப்பத்திரம், அளிப்புப் பத்திரம் இரண்டையும் "உறுதி" என்றே ஊரில் சொல்லுவார்கள். அனுமதிப்பத்திரக் காணி விற்பதற்கானது இல்லை. அளிப்புக் காணிக்கும் பிரதேச செயலாளரின் முன் அனுமதி வேண்டும், இல்லாமல் எழுதியது செல்லாது. தாளின் தலைப்பை வாசியுங்கள், அரச இலச்சினை இருந்தால் அங்கேயே நின்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

துறைமுகத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கர் துறைமுக அதிகார சபைக்கு உரியது. சீனக்குடாப் பக்கம், கடற்படை முகாம்களின் அயல் என்றால் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் அறிவித்தல் ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். குச்சவெளி, திரியாய்ப் பக்கம் தொல்லியல், வனத் திணைக்களங்களின் எல்லைகள் பற்றிய கேள்வி இன்னும் முடியவில்லை. நிலாவெளி, உப்புவெளி, சல்லி என்று கடலோரம் வாங்கினால் உயர் அலைக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981-இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே எதைக் கட்டவும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடலுக்கு முன்னால் வீடு என்பது எல்லாருக்கும் ஆசைதான், 2004 சுனாமியைப் பார்த்த எனக்கு அந்த ஆசை இல்லை.

வீடு கட்டியிருக்கும் காணி என்றால் அங்கீகரித்த கட்டட வரைபடமும், அதன்படியே கட்டியிருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழும் கேளுங்கள். உள்ளூராட்சி மன்றத்தில் வீதிக் கோட்டுச் சான்றிதழ், காணி சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழ், ஆதனவரிப் பற்றுச்சீட்டு மூன்றும் எடுக்கலாம்.

ஆறாம் படி: சர்வேயரோடு நீங்களும் நடங்கள்

பழைய பிளானை நம்பாமல் உரிமம் பெற்ற சர்வேயரைக் கொண்டு புதிதாக அளவெடுங்கள், அளக்கும் நாளில் நீங்களோ உங்கள் ஆளோ கூடவே நில்லுங்கள். அண்ணாவுக்காகப் பார்த்த இன்னொரு காணியில் உறுதி 20 பேர்ச் என்றது, அளந்தால் 17.4 தான் வந்தது. கிழக்கு மூலையின் எல்லைக்கல் தெரியவில்லை. சர்வேயரோடு வந்த பெடியன் அலவாங்கால் குத்திக் குத்திப் பார்த்து, கடைசியில் பக்கத்துக் காணியின் கிளுவை வேலிக்கு உள்ளே, பனையின் வேருக்குக் கீழே கல்லை எடுத்தான். வேலி வருடத்துக்கு ஒரு சாணாக நகர்ந்திருக்கிறது. அயலவர் ஐயா கல்லைப் பார்த்துவிட்டு, "நான் வேணுமெண்டு செய்யேல்ல தம்பி, மாடு வந்து வந்து வேலி சாய, எடுத்துக் கட்டினதுதான்" என்றார். அன்று பேசியதால் ஒரு தேத்தண்ணியோடு முடிந்தது, எழுதிய பிறகு என்றால் நீதிமன்றம்.

பிளான் வந்ததும் உறுதியின் அட்டவணையோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நான்கு எல்லையும் பொருந்துகிறதா, "வழிவாய்க்கால் உரிமையும் கிணற்றில் அரைப் பங்கும்" என்று ஏதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அரைக் கிணறு என்றால் மற்ற அரையின் சொந்தக்காரர் வாளியோடு உங்கள் வளவுக்குள் வருவார், மதில் கட்டி மறிக்க முடியாது.

ஏழாம் படி: காசை வங்கி வழியாக மட்டும் கொண்டுவாருங்கள்

உண்டியலில் (வங்கிக்கு வெளியே, ஆள் மூலம்) அனுப்பினால் மாற்று வீதம் கொஞ்சம் கூட வரும், உண்மைதான். ஆனால் நாளைக்கு விற்று அந்தக் காசைத் திருப்பி எடுத்துப்போக நினைக்கும்போது அது எப்படி நாட்டுக்குள் வந்தது என்று காட்ட ஒரு தாளும் இருக்காது. இங்குள்ள வர்த்தக வங்கி ஒன்றில் உள்முக முதலீட்டுக் கணக்கைத் திறவுங்கள், வெளிநாட்டில் வசிக்கும் இலங்கையர், இரட்டைக் குடியுரிமையாளர், வெளிநாட்டவர் எல்லோரும் திறக்கலாம். காசு அந்தக் கணக்குக்குள் வந்து, அங்கிருந்து விற்பவருக்குப் போனால், விற்றுவரும் காசை அதே கணக்கு வழியாக வெளியே அனுப்பலாம். வங்கி தரும் ஒவ்வொரு துண்டையும் உறுதியோடு சேர்த்து வையுங்கள்.

இதே காரணத்துக்காக உறுதியில் உண்மையான விலையை எழுதுங்கள். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கப் பாதி விலை எழுதச் சொல்லுவார்கள். அப்படி எழுதினால் பிறகு விற்கும்போது இலாபம் பெரிதாகத் தெரிந்து மூலதன ஆதாய வரி கூடும், மாகாண இறைவரித் திணைக்களத்தினர் மதிப்பீடு குறைவென்று மிச்சத் தீர்வையும் கேட்பார்கள்.

எட்டாம் படி: அச்சாரமும் கையெழுத்தும்

கொப்பித் தாளில் முத்திரை ஒட்டி எழுதிய அச்சாரச் சீட்டைப் பெரிதாக நம்ப வேண்டாம். 1840-இன் மோசடித் தடுப்புச் சட்டப்படி காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசின் முன் இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். அண்ணாவின் நண்பர் ஒருவர் வெற்றுத் தாளில் அச்சாரம் கொடுத்து, கூடிய விலைக்கு ஆள் வந்ததும் காணியும் போய், அச்சாரக் காசுக்காக இரண்டு வருடம் நடந்தார்.

முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சம் ரூபாவுக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். ஒரு கோடி ரூபா வீட்டுக்கு 3,000 உம் 396,000 உம் சேர்த்து 399,000 ரூபா வரும், வழமையாக வாங்குபவர்தான் கட்டுவது. நொத்தாரிசுக் கட்டணம் தனி, முதலே பேசி எழுத்தில் வாங்குங்கள்.

கையெழுத்து வைக்கும் நாளில் உறுதியை முழுதாக உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசிக்கச் சொல்லுங்கள். பெயரின் எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா, தகப்பன் பெயர் சரியா, பிளான் இலக்கமும் திகதியும் சரியா என்று விரலை வைத்துப் பாருங்கள். மிச்சக் காசை அந்த மேசையில், வங்கிக் காசோலையாக, கையெழுத்தோடு கொடுங்கள். பிறகு நொத்தாரிசு உறுதியைப் பதிவுக்குக் கொடுத்த நாளையும் இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதினால், காசு கொடுத்து நேர்மையாக வாங்கி முதலில் பதிந்தவருக்குத்தான் முன்னுரிமை, முதலில் கையெழுத்து வைத்தவருக்கு இல்லை.

ஒன்பதாம் படி: விமானம் ஏறுவதற்கு முன்

ஆதனவரிப் பதிவேட்டில் பெயரை மாற்றுங்கள், மின்சாரம், தண்ணீர்ப் பட்டியல்களையும் மாற்றுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்தால், அவர் எவ்வளவு நெருங்கியவர் என்றாலும், "உங்கள் அனுமதியோடுதான் இருக்கிறார், உரிமை கோரமாட்டார்" என்று ஓர் எழுத்து வாங்குங்கள், மேலே சொன்ன 10 வருடக் கணக்கு இங்கேயும் ஓடும். அண்ணா இரட்டைக் குடியுரிமை எடுத்து, பிறகு பாலையூற்றில் 15 பேர்ச் வாங்கினார். வேலி போட்ட அன்று நான்கு எல்லைக்கல்லையும் சீமெந்து பூசிப் பெரிதாக்கி, மேலே சிவப்புப் பெயின்ற் அடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் போய் அதே நான்கு போட்டோவை எடுத்து அனுப்புகிறேன்.